தலையைத் தாழ்த்தினால் வேகம் கூடும்

கும்மிடிப்பூண்டி, கவரைப்பேட்டை, ஊத்துக்கோட்டை பக்கம் வளர்ந்த ஆண்களில் நாற்பதைத் தாண்டியவர்களைக் கேட்டால் பெரும்பாலோர் “நீச்சல் தெரியும்” என்பார்கள். பொய்யில்லை. வயல் கிணற்றிலோ ஏரி மதகடியிலோ பழகிய நீச்சல் அது. முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கை, அது கிடைக்காவிட்டால் வாழை மரத்துண்டு, பிற்காலத்தில் எண்ணெய் கேன். அண்ணனோ சித்தப்பாவோ பிடித்துத் தள்ளிவிட, நாலு வாய் தண்ணீர் குடித்து, ஒரு கோடை விடுமுறைக்குள் வந்துவிட்ட வித்தை. கிணற்று மேட்டிலிருந்து குதித்து அடிமண்ணை அள்ளிக்கொண்டு மேலே வந்தவரையே இன்று 25 மீட்டர் நீச்சல்குளத்தில் இறக்கி, நிற்காமல் நான்கு நீளம் போகச் சொன்னால் கதை மாறிவிடும். இரண்டாவது நீளத்தின் பாதியில் மூச்சு வாங்கும். மூன்றாவதில் பக்கச் சுவரைப் பிடித்துவிடுவார். ரோலிங் மில்லில் ஒரு ஷிஃப்ட் முழுக்க நின்று வேலை பார்க்கிற உடம்பு அது. பலமில்லை என்று யாரும் சொல்ல முடியாது. “வயசாயிடுச்சு சார்” என்று அவரே காரணத்தையும் சொல்லிவிடுவார்.

காரணம் வயது அல்ல. நீச்சலில் வேகத்தையும் தாக்குப்பிடிக்கும் திறனையும் முதலில் முடிவு செய்வது தசையும் இல்லை, நுரையீரலும் இல்லை. தண்ணீரில் உடம்பு எப்படிக் கிடக்கிறது என்பதுதான். அந்த வாகு பழக்கத்தால் வருவது. வயது ஒவ்வொன்றாகப் பறித்துக்கொண்டு போகிறவற்றில் அது கடைசியில் இருக்கிறது.

தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. நடக்கும்போது காற்றின் தடையை நாம் கவனிப்பதே இல்லை. நீரில் எல்லாமே அந்தத் தடையோடு நடக்கும் பேரம்தான். நீரின் தடை, வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறும். வேகம் இரண்டு மடங்கானால் தடை நான்கு மடங்கு. அந்தத் தடையை வென்று போக நொடிக்கு நொடி செலவிட வேண்டிய ஆற்றலோ மும்மடிக்கு ஏற்ப ஏறும், அதாவது எட்டு மடங்கு. பத்து சதவீதம் வேகமாகப் போக வேண்டுமா? முப்பத்து மூன்று சதவீதம் கூடுதலாக உழைக்க வேண்டும். கையை வேகவேகமாகச் சுழற்றுகிறவர் பக்கத்தில் சாவகாசமாகப் போகிறவரைவிடப் பின்தங்குவது இதனால்தான்.

கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். உழைப்பைக் கூட்டாமல் தடையை மட்டும் ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால், அதே மூச்சில் வேகம் எட்டு சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாகக் கூடும். நூறு மீட்டரை இரண்டரை நிமிடத்தில் கடப்பவர் பத்து நொடிக்கு மேல் மிச்சம் பிடிப்பார். இதே பத்து நொடியை உடல் வலுவால் மட்டும் பெற வேண்டுமென்றால் தசைகள் தரும் ஆற்றல் கால் பங்கு கூட வேண்டும். நாற்பத்தைந்து வயதில் ஜிம்முக்குப் போய் அந்தக் கால் பங்கைச் சம்பாதிப்பது எவ்வளவு பாடு என்பது போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அந்த ஐந்தில் ஒரு பங்கு எங்கே ஒளிந்திருக்கிறது? பெரும்பாலும் கழுத்தில்.

காற்று நிரம்பிய நுரையீரல் மார்பில் இருக்கிறது. ஆகவே உடம்பை மேலே தூக்கும் மிதப்பு விசையின் மையம் மார்புப் பக்கம் விழுகிறது. எடையின் மையமோ அதற்குக் கீழே, இடுப்பை ஒட்டி. இரண்டும் ஒரே இடத்தில் இல்லாததால், சும்மா குப்புறக் கிடந்தாலே கால்கள் மெல்ல இறங்கும். ஆண்களுக்கு இது அதிகம். இடுப்பிலும் தொடையிலும் கொழுப்பு கூடுதலாக உள்ள பெண்களின் கால்கள் இயல்பாகவே மேலே நிற்கும். ஒரே தூரத்துக்கு அவர்களுக்குச் செலவாகும் ஆற்றல் குறைவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இந்த நிலையில் நான்கைந்து கிலோ எடையுள்ள தலையை நீருக்கு மேலே தூக்கிப் பிடித்தால் என்ன ஆகும்? அதுவரை தண்ணீர் தாங்கிக்கொண்டிருந்த எடையை இப்போது உடம்பு தாங்க வேண்டும். தலை ஏறிய அளவுக்கு இடுப்பு இறங்கும். பின்பக்கம் பாரம் ஏற்றிய படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு திணறுவதைப் பழவேற்காட்டில் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

தலையைத் தாழ்த்துவது என்றால் தாடையை மார்பில் ஒட்டுவது அல்ல. பிடரியைத் தளரவிட்டு, குளத்தின் தரையைப் பார்க்க வேண்டும். பார்வை நேர் கீழே, அல்லது ஓரடி முன்னே. மார்பைச் சற்று நீருக்குள் அழுத்தினால் இடுப்பு தானாக மேலே வரும். முதல் சில நாள் இது பயமாகத்தான் இருக்கும். எதிரே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் போவது, முன்னே பார்த்தே பழகிய உடம்புக்கு ஒப்பாது. சுவரை உதைத்துவிட்டுக் கைகளைக் காதோடு ஒட்டி நீட்டி, அசையாமல் எவ்வளவு தூரம் வழுக்கிப் போகிறோம் என்று பார்ப்பது நல்ல தொடக்கம். தலையைத் தூக்கி ஒருமுறை, தாழ்த்தி ஒருமுறை. வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

இதற்காகக் கிணற்று நீச்சலைக் கேலி செய்யும் பயிற்சியாளர்களை எனக்குப் பிடிப்பதில்லை. கிணற்றில் தலையைத் தூக்கியது மடத்தனம் அல்ல. மேலிருந்து அடுத்தவன் எப்போது குதிப்பான் என்று தெரியாது. மோட்டார் பைப், படிக்கல், சில சமயம் தண்ணீர்ப் பாம்பு. முப்பதடி அகலத்தில் தூரம் ஒரு பொருட்டே இல்லை, பார்வைதான் முக்கியம். வாட்டர் போலோ ஆடுகிறவர்களும், மூழ்குபவரை மீட்கப் போகும் உயிர்காப்பாளர்களும் இன்றும் அப்படித்தான் நீந்துகிறார்கள். தவிர, கிணறு கொடுத்த ஒன்றைப் பணம் கட்டிக் கற்கிற பெரியவர்கள் பல மாதம் தேடுகிறார்கள்: கால் தரையில் படாத ஆழத்தில் பதறாமல் நிற்பது. அது இருப்பவருக்கு மற்றதெல்லாம் சீக்கிரம் வரும்.

அடுத்தது மூச்சு. தண்ணீரில் மூச்சு முட்டும்போது காற்று போதவில்லை என்றுதான் நினைக்கிறோம். உண்மையில் மூளையை உலுக்குவது ஆக்சிஜன் குறைவதைவிடக் கார்பன் டை ஆக்சைடு சேருவதே. முகம் நீருக்குள் இருக்கும்போது மூச்சை அடக்கிவைத்து, தலையைத் திருப்பும் அரை நொடியில் வெளியே விட்டு, உள்ளேயும் இழுக்கப் பார்க்கிறவர் இரண்டையும் அரைகுறையாகச் செய்கிறார். பத்துப் பதினைந்து கைவீச்சுக்குள் பழைய காற்று உள்ளே தங்கிவிடுகிறது. முகம் நீருக்குள் போன மறுகணமே மூக்கு வழியாகவோ வாய் வழியாகவோ குமிழிகள் தொடர்ச்சியாக வெளியேற வேண்டும். தலையைத் திருப்பும்போது வேலை ஒன்றே ஒன்று, இழுப்பது. அதற்கும் தலையைத் தூக்க வேண்டியதில்லை. உடம்பு பக்கவாட்டில் உருளும்போது முகமும் கூடவே உருண்டால், ஒரு கண் நீருக்குள் இருக்கும்போதே வாய் வெளியே வந்துவிடும். நகரும் தலைக்குப் பக்கத்தில் நீர்மட்டம் சற்றுக் குழிந்து கொடுக்கும். வாய்க்கு அந்தக் குழி போதும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. யார் அதிக நேரம் தம் பிடிப்பது என்று பையன்கள் பந்தயம் போடுவதும், முங்குவதற்கு முன் வேகவேகமாக மூச்சு இழுத்து விடுவதும் எல்லா ஊரிலும் உண்டு. அப்படிச் செய்வதால் ஆக்சிஜன் கூடிவிடுவதில்லை. கார்பன் டை ஆக்சைடு மட்டும் குறைந்துபோகிறது. எச்சரிக்கை மணி அடிப்பதற்கு முன்பே ஆக்சிஜன் தீர்ந்து, நினைவு தப்பிவிடும். நீச்சல் நன்றாகத் தெரிந்தவர்களும் சத்தமே இல்லாமல் இப்படி இறந்திருக்கிறார்கள்.

கைவீச்சின் அறிவியலைப் பேசினால் ஜேம்ஸ் கவுன்சில்மேனைத் தாண்டிப் போக முடியாது. அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகப் பயிற்சியாளர். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஏழு தங்கம் வென்ற மார்க் ஸ்பிட்ஸ் அவரிடம் பயின்றவர். நீருக்கடியில் கேமராவை வைத்து, வீரர்கள் தாங்கள் செய்வதாகச் சொல்வதையும் உண்மையில் செய்வதையும் ஒப்பிட்டுப் பார்த்தார். 1968இல் அவர் எழுதிய நீச்சல் அறிவியல் நூல் பல நாட்டுப் பயிற்சியாளர்களுக்குப் பாடநூலானது. கை நீருக்குள் வளைந்து வளைந்து போவதைப் படத்தில் கண்ட அவர், விமான இறக்கையைத் தூக்கும் விசை போன்ற ஒன்றுதான் நீந்துபவரை முன்னே செலுத்துகிறது என்றார். ஒரு தலைமுறையே அந்த வளைவைப் பழகியது. பின்னாளில் வந்த அளவீடுகள் அதன் பங்கைக் குறைத்துவிட்டன; ஃப்ரீஸ்டைலில் பெரும்பாலான உந்து விசை, உள்ளங்கையும் முன்கையும் சேர்ந்து நீரை நேராகப் பின்னே தள்ளுவதிலிருந்து வருகிறது என்பதே இன்றைய புரிதல். கருத்து ஒன்று பலிக்கவில்லை என்பதால் அவர் பெருமை குறைந்துவிடவில்லை. கேமராவை நீருக்குள் இறக்கியவர் அவர்தானே.

நடைமுறையில் இதன் பொருள்: கை நீருக்குள் நுழைந்ததும் நீட்டிய கையைக் கீழ்நோக்கி அழுத்தக் கூடாது. கீழே அழுத்தினால் உடம்பின் முன்பாகம் மேலே எழும்பும், முன்னே நகராது. முழங்கை மேலேயே இருக்க, விரல்கள் தரையைப் பார்க்கத் திரும்பி, முன்கை முழுவதும் ஒரு துடுப்பாக நிற்க வேண்டும். அதன் பிறகுதான் பின்னே தள்ள வேண்டும். விரல்களை இறுக்கி ஒட்ட வேண்டாம், லேசான இடைவெளி கெடுதல் செய்யாது. கை தலைக்கு முன்னால் நடுக்கோட்டைத் தாண்டி மறுபக்கம் போகக் கூடாது. போனால் உடம்பு பாம்பாக நெளியும், தோள்பட்டையும் சீக்கிரம் வலிக்கும்.

சரியாகச் செய்கிறோமா என்று அறிய விலையுயர்ந்த கடிகாரம் தேவையில்லை. 25 மீட்டரைக் கடக்க எத்தனை கைவீச்சு என்று எண்ணுங்கள், நொடியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டின் கூட்டுத்தொகை வாரா வாரம் இறங்கினால் வழி சரி. கைவீச்சை மட்டும் குறைக்கிறேன் என்று ஒவ்வொரு வீச்சுக்கும் நடுவே நீளமாக வழுக்கிக்கொண்டிருந்தால் வேகம் விழுந்து, மறுபடி எழுப்ப வேண்டியிருக்கும். அதற்கும் ஆற்றல் செலவு. அதனால்தான் நொடியும் கணக்கில் இருக்க வேண்டும்.

கால் உதையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தொடைத் தசைகள் உடம்பிலேயே பெரியவை, ஆக்சிஜனை ஏராளமாகக் குடிப்பவை. ஃப்ரீஸ்டைலில் வேகத்துக்கு அவை தருவதோ கொஞ்சம். ஐம்பது மீட்டர் பந்தயத்தில் நீந்தாதவர், ஒரு கைக்கு ஒரு உதை என்ற நிதானத்தில் கால் மிதக்கும் அளவுக்கு மட்டும் உதைத்தால் போதும். சைக்கிள் மிதிப்பதுபோல் முழங்காலை மடக்கி உதைப்பது பலருக்கு உள்ள பழக்கம்; அது தடையைக் கூட்டும், வேறொன்றும் செய்யாது.

உடம்பின் வாகு ஓரளவு படிந்த பிறகுதான் தாக்குப்பிடிக்கும் திறனைப் பற்றிப் பேச வேண்டும். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். முதல் நாளே அரை மணி நேரம் நிற்காமல் நீந்தப் பார்த்து, களைத்த உடம்பில் தப்பான வீச்சையே ஆயிரம் முறை பழகிக்கொள்கிறார்கள். ஐந்நூறு மீட்டரை ஒரே மூச்சில் இழுப்பதைவிட, ஐம்பது ஐம்பதாகப் பத்து முறை, நடுவே இருபது நொடி ஓய்வு என்று பிரிப்பது மேல். தூரம் அதேதான். கடைசி ஐம்பதிலும் கை ஒழுங்காக விழும்.

எந்த வேகத்தில் பழகுவது என்பதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. ஒருநாள் 400 மீட்டரும், நன்றாக இளைப்பாறிய பிறகு 200 மீட்டரும், இரண்டையும் முடிந்த அளவு விரைவாக நீந்துங்கள். 400க்கு 10 நிமிடமும் 200க்கு 4 நிமிடம் 40 நொடியும் ஆனதாக வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 320 நொடி, அது 200 மீட்டருக்கான நேரம். அதாவது நூறு மீட்டருக்கு 2 நிமிடம் 40 நொடி. உடம்பு நீண்ட நேரம் தாங்கக்கூடிய வேகத்தின் மேல் எல்லை ஏறத்தாழ இதுதான். இதே வேகத்தில் நூறு நூறாக, சிறு ஓய்வோடு, எட்டுப் பத்து முறை நீந்திவந்தால் அந்த எல்லை நகரும். தசைகளில் நுண்குழாய்களும் ஆற்றலைத் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாக்களும் பெருகுவதால் வரும் மாற்றம் இது. ஒன்றரை இரண்டு மாதம் கழித்து மறுபடி சோதித்துப் பார்க்கலாம். இதயத் துடிப்பை வைத்து அளக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: படுத்த நிலையாலும் நீரின் அழுத்தத்தாலும் இரத்தம் மார்புக்குக் கூடுதலாகத் திரும்புவதால், ஓட்டத்தில் வருவதைவிட நீச்சலில் துடிப்பு நிமிடத்துக்குப் பத்து அளவில் குறைவாகவே காட்டும். இதய நோயோ இரத்த அழுத்தமோ உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டு இறங்குவதே முறை.

சிப்காட்டில் ஷிஃப்ட் மாறி மாறி வேலை பார்ப்பவர்களுக்கு இதில் தனிச் சிக்கல் உண்டு. புதிய அசைவை மூளை பதிந்துகொள்வதில் பெரும்பங்கு தூக்கத்தில் நடக்கிறது. நைட் ஷிஃப்ட் முடித்த கையோடு குளத்துக்குப் போய்ப் புதிதாக ஒன்றைப் பழகினால் நிற்காது. அன்று தெரிந்த வாகில் சும்மா நீந்திவிட்டு வரலாம். புதியதை நன்றாகத் தூங்கி எழுந்த நாளுக்கு ஒதுக்க வேண்டும். வாரத்துக்கு ஒருநாள் ஒன்றரை மணி நேரம் என்பதைவிட, நாலு நாள் இருபது நிமிடம் அதிகம் தரும். மேலே கை தூக்கியே வேலை செய்யும் வெல்டர்களுக்கும் பாரம் ஏற்றி இறக்குபவர்களுக்கும் தோள்பட்டை ஏற்கெனவே இறுகிப்போயிருக்கும். நீருக்குள் இறங்குமுன் பத்து நிமிடம் தோளைச் சுழற்றி, ரப்பர் பட்டையை இழுத்துச் சூடேற்றிக்கொள்ளாவிட்டால் முதல் மாதத்திலேயே வலி வந்து நீச்சலையே நிறுத்திவிடுவார்கள்.

இனி வயது. உடம்பு ஒரு நிமிடத்தில் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜனின் உச்ச அளவு, உடற்பயிற்சி இல்லாதவர்களுக்கு முப்பதுக்குப் பிறகு பத்தாண்டுக்குப் பத்து சதவீதம் வீதம் குறைகிறது. விடாமல் பயிற்சி செய்கிறவர்களுக்கு அந்தச் சரிவு ஏறத்தாழப் பாதி. அமெரிக்க மூத்தோர் நீச்சல் போட்டிகளின் நேரங்களை வைத்து தனகா, சீல்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1997இல் வெளியிட்ட ஆய்வில், 1500 மீட்டர் நேரம் எழுபது வயது வரை சீராக, மெதுவாகத்தான் தேய்ந்தது. செங்குத்தான சரிவு அதற்குப் பிறகே வந்தது. அவர்கள் ஏற்கெனவே தேர்ந்தவர்கள். நம் கிணற்று நீச்சல்காரரோ தன் உச்சத்தை இன்னும் தொடவே இல்லை. வயதால் ஆண்டுக்கு அரை சதவீதமோ ஒரு சதவீதமோ இழக்கிறார் என்றாலும், தலையைத் தாழ்த்துவதால் மட்டும் அதைவிடப் பல மடங்கு சம்பாதிக்க இடம் இருக்கிறது. ஐம்பது வயதில் ஒருவர் இருபது வயதில் இருந்ததைவிட வேகமாக நீந்துவது நீச்சலில் அதிசயமில்லை. ஓட்டத்தில் இதை எதிர்பார்க்க முடியாது.

கவுன்சில்மேனே சாட்சி. 1979இல், 58 வயதில் அவர் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்தார். அன்று வரை அதைக் கடந்தவர்களில் அவரே மூத்தவர். 2014இல் தென்னாப்பிரிக்க இதய அறுவை மருத்துவர் ஓட்டோ தானிங் 73 வயதில் அதே கால்வாயைக் கடந்தார். ஜப்பானின் மியேகோ நகாவோகா முழங்கால் தொல்லைக்காக எண்பதை ஒட்டிய வயதில் நீச்சலுக்கு வந்தவர். 2015இல் நூறு வயதில் 1500 மீட்டரை ஒரு மணி 15 நிமிடம் 54 நொடியில் முடித்தார்.

அவ்வளவு தூரம் போவானேன், நம் பாக் நீரிணையே இருக்கிறது. 1954இல் யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாற்றின் நவரத்தினசாமி அதை முதலில் நீந்திக் கடந்தார். 1966இல் மிஹிர் சென். 1971இல் வல்வெட்டித்துறையின் ஆழிக்குமரன் ஆனந்தன் போய்த் திரும்பவும் நீந்தி 51 மணி நேரத்தில் முடித்தார். 1984இல் ஆங்கிலக் கால்வாய் முயற்சியில் அவர் உயிர் பிரிந்தது. 1994இல் தமிழகத்தின் குற்றாலீஸ்வரன் பன்னிரண்டு வயதில் பாக் நீரிணையைக் கடந்து, அதே ஆண்டில் ஆறு நீர்ப்பரப்புகளைக் கடந்து, ஓராண்டில் ஐந்து என்ற மிஹிர் சென்னின் சாதனையை முறியடித்தார். 2021 மார்ச்சில் ஐதராபாத்தின் சியாமளா கோலி தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு 13 மணி 43 நிமிடத்தில் வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது 47. பன்னிரண்டு வயதுச் சிறுவனும் நாற்பத்தேழு வயதுப் பெண்ணும் ஒரே கடலைக் கடக்க முடிகிற விளையாட்டு வேறு எது?

கடல் ஒரு வகையில் உதவி செய்கிறது. கடல் நீர் நன்னீரைவிட இரண்டரை சதவீதம் அடர்த்தி கூடியது. எழுபது கிலோ உடம்புக்கு அது ஒன்றே முக்கால் கிலோ அளவுக்குக் கூடுதல் தாங்கல். தாழும் கால்களுக்கு அதுவே பெரிய உதவி. பழவேற்காடு ஏரியில் இந்தத் தாங்கல் பருவத்துக்குப் பருவம் மாறும்: வடகிழக்குப் பருவமழையில் ஆரணியாறு கொண்டுவரும் நீர் உப்பைக் கரைத்துவிடும், கோடையில் முகத்துவாரம் மணலால் அடைபட்டால் உப்பு ஏறும். சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவே உள்ள அந்த ஏரியைப் பார்த்து ஏமாறக் கூடாது. முகத்துவாரத்தில் ஏற்ற இறக்க நீரோட்டம் பலசாலியையும் இழுத்துவிடும். 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் உல்லாசப் பயணம் போன படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். படகில் ஏறினால் நீச்சல் தெரிந்தவரும் உயிர்காப்பு உடை போட வேண்டும் என்பதற்கு வேறு வாதம் வேண்டாம்.

திருவள்ளூர் மாவட்டத்தில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. பூண்டி, சோழவரம், புழல், 2020இல் திறக்கப்பட்ட கண்ணன்கோட்டை தேர்வாய்கண்டிகை என்று சென்னைக்குக் குடிநீர் தரும் நீர்த்தேக்கங்களின் மாவட்டம் இது. அவற்றில் இறங்க அனுமதி இல்லை, இறங்கவும் கூடாது. கைவிடப்பட்ட கல்குவாரிக் குட்டைகளும், சவுடு மண் எடுத்த பள்ளங்களும், கொசஸ்தலை ஆற்றில் மணல் அள்ளிய குழிகளும் அதைவிட மோசம்: கரையிலிருந்து இரண்டடியில் ஆள் ஆழம், ஏறிவரப் பிடிமானம் இல்லாத சுவர், அடியில் என்ன கிடக்கிறது என்று தெரியாத கலங்கல். கோடை விடுமுறை வந்தால் குளிக்கப் போன சிறுவர்களின் செய்தி நாளிதழில் வராத ஆண்டு இல்லை. உலக அளவில் 2021இல் நீரில் மூழ்கி இறந்தவர்கள் சுமார் மூன்று லட்சம் பேர் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கிணறுகள் தூர்ந்துவிட்டன, கற்றுக்கொடுத்த சித்தப்பாக்களும் வேலைக்குப் போய்விட்டார்கள். நாற்பது வயதுக்காரருக்குத் தெரிந்த அரைகுறை நீச்சல்கூட அவர் பிள்ளைக்குத் தெரியாது. பெண் பிள்ளைகளுக்கு அந்தக் கிணறு அன்றும் பெரும்பாலும் கிடைத்ததில்லை.

இந்த இடத்தில் நெய்வேலியை நினைத்துக்கொள்ள வேண்டும். அதுவும் தொழில் நகரம்தான். என்.எல்.சி.யில் வேலை பார்த்த முன்னாள் தடகள வீராங்கனையின் மகன் சாஜன் பிரகாஷ் வளர்ந்ததும் நீச்சல் பழகியதும் அந்த நகரியத்தில். கழுத்துக் காயத்திலிருந்து மீண்டு, 2021 ஜூனில் ரோமில் 200 மீட்டர் பட்டர்ஃபிளையை 1 நிமிடம் 56.38 நொடியில் முடித்து, ஒலிம்பிக்குக்கான ‘ஏ’ தகுதி நேரத்தைத் தொட்ட முதல் இந்திய நீச்சல் வீரரானார். தேவைப்பட்ட நேரம் 1:56.48. பத்தில் ஒரு நொடி வித்தியாசம். தொழிலாளர் குடியிருப்புக்குள் ஒரு நீச்சல்குளத்தைக் கட்டிவைத்தவர்கள் ஒலிம்பிக்கை நினைத்திருப்பார்கள் என்று நான் நம்பவில்லை. ஆனால் குளம் இருந்தது, பிள்ளைகள் இறங்கினார்கள்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் ஆலைகளில் ஆண்டுதோறும் மார்ச் 4இல் பாதுகாப்பு வாரம் தொடங்குகிறது. உறுதிமொழி, பேச்சுப் போட்டி, ஹெல்மெட் ஊர்வலம் எல்லாம் நடக்கும். கோடை விடுமுறைக்கு அப்போது இன்னும் சில வாரம் இருக்கும். இரண்டு மூன்று ஆலைகள் சேர்ந்தால் பயிற்சியாளரையும் உயிர்காப்பாளரையும் அமர்த்தி, தொழிலாளர்களுக்கும் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும், பெண் பிள்ளைகளையும் சேர்த்து, ஒரு மாத நீச்சல் வகுப்பு நடத்த முடியும். ஆலை நிர்வாகிகளும் மாவட்ட விளையாட்டுத் துறையும் அடுத்த பாதுகாப்பு வாரத்துக்கு முன்பே இதைப் பேசி முடிக்க வேண்டும்.